இடது காலும் இராசமணி ரீச்சரும்

பதுளை
17.12.2003

அன்புள்ள மகன் சேந்தனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முருகன் துணையால் நானும் அம்மாவும் தங்கச்சி விஜிதாவும் சுகம், எங்களைவிடச் சுகமாக இருப்பது பதுளை மழைதான், ஐப்பசியில் வந்தது இன்னும் புறப்பட மனமில்லாமல் கூரையில் குந்தியிருக்கிறது. நீயும் அந்தக் கனடாப் பனியில் காதை மூடி நெஞ்சை மூடி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எங்கள் தினசரிக் கும்பிடு. போன மாதம் தொலைபேசி எடுத்தபோது அம்மா ஏன் கதைக்கவில்லை என்று கேட்டாய், நான் தடிமன், தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன். தடிமன் இல்லை. அம்மா அப்போது என்னோடும் கதைக்கவில்லை, தங்கச்சியோடும் கதைக்கவில்லை, உன்னோடு கதைக்க நியாயமே இல்லை, ஏனென்றால் நடந்த எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான் என்பது அவருடைய தீர்ப்பு. தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னால் அடுத்த அறைக்குக் கேட்கும் என்பதால் எழுதுகிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

ஆவணியில் உன் சிநேகிதன் லீவில் வந்தபோது அவன் கையில் நீ ஒரு நீளப் பெட்டி கொடுத்துவிட்டாய் அல்லவா, அதிலிருந்துதான் தொடங்குகிறது. நாங்கள் அதைத் தரை கூட்டும் மிஷின் என்று நினைத்தோம், அம்மா வைப்பதற்கு மூலைகூட ஒதுக்கிவிட்டார். திறந்தால் பிளாஸ்டிக் ஹொக்கி மட்டைகள், கூடவே உடம்பெல்லாம் ஓட்டை போட்ட பந்துகள். பழுதான பந்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறான், பிள்ளை அங்கே என்ன கஷ்டப்படுகிறானோ என்று அம்மா கண்ணைத் துடைத்தார். பிறகுதான் உன் கடிதத்தைப் பார்த்தோம். நீ வேலை செய்கிற பள்ளிக்கூடத்தில் கை கால் ஏலாத பிள்ளைகள் மண்டபத்துக்குள்ளே இந்த ஹொக்கியை விளையாடுகிறார்கள், சக்கர நாற்காலியில் இருப்பவரும் ஊன்றுகோலில் நிற்பவரும் ஒற்றைக் கையால் மட்டை பிடிப்பவரும் ஆணும் பெண்ணும் ஒரே அணியில், அப்பா நீங்கள் சங்கத்தில் இருக்கிறீர்கள்தானே, பதுளையிலும் தொடங்கிப் பாருங்கோ என்று எழுதியிருந்தாய். அரசாங்கக் கச்சேரியில் பிரதம லிகிதராக இருந்து, கோப்பு எழுதி இளைப்பாறியவன் என்பதால் இந்த ஊரில் எந்தச் சங்கம் பிறந்தாலும் செயலாளர் பதவி என் தலையில் வந்து விழும், கை கால் ஏலாதவர்களுக்கான வலது குறைந்தோர் நலன்புரிச் சங்கமும் அப்படி விழுந்ததுதான். அதுவரைக்கும் சங்கம் செய்த நலன் என்னவென்றால், வருஷத்துக்கு ஒரு தடவை அங்கத்தவர்களை வரிசையாக இருத்தி, நல்ல காலுள்ளவர்கள் மேடையில் நின்று நீளமாகப் பேசிவிட்டு, முடிவில் ஆளுக்கொரு குளியல் துவாய் கொடுப்பது. பஸாரில் மணிக்கூடு திருத்துகிற நஸீருக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போய்விட்டன, அவரிடம் அப்படி வந்த துவாய் ஒரு அலுமாரி நிறைய இருக்கிறது. துவாயைத் தவிர வேறு எதையும் நாங்கள் யோசித்ததில்லை என்பதற்கு அந்த அலுமாரியே சாட்சி.

நஸீர் மட்டையைக் கையில் வாங்கி இரண்டு தரம் சுழற்றிப் பார்த்தார், அன்றைக்கே அணித்தலைவர் ஆகிவிட்டார், யாரும் தெரிவு செய்யவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து அடைக்கலம் என்பவர் வந்தார், தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலருக்கு இடது கையைக் கொடுத்தவர். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். முதல் நாள் பயிற்சியில் பந்து நஸீரின் சக்கர நாற்காலிக்கு எட்டாமல் உருண்டபோதெல்லாம் நான் ஓடிப்போய் எடுத்து அவர் மட்டையடியில் வைத்தேன், பெரிய சேவை செய்கிற எண்ணம். கொஞ்ச நேரம் பொறுத்த நஸீர் மிக மரியாதையாக, "சேர், நீங்க ஒரு வேல செய்ங்க, வெளிய போய் பிளேன்டி ஒண்டு குடிச்சிட்டு மெதுவா வாங்க, நாங்க வெளையாடிட்டு இரிக்கோம்" என்றார். நானும் போய்க் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மண்டபத்தில் ஒருவரையொருவர் இடித்து, சத்தம் போட்டு, ஏசி, சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் சங்க மண்டபத்தில் அவ்வளவு சத்தத்தை நான் கேட்டதே இல்லை, எங்கள் கூட்டங்களில் சத்தம் மேடையிலிருந்து மட்டும்தான் வரும்.

இனி அம்மாவின் திட்டத்துக்கு வருகிறேன். பண்டாரவளையில் பள்ளிக்கூட அதிபராக இருந்து இளைப்பாறிய இராசமணி ரீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும், அவர்தான் எங்கள் சங்கத்தை ஆதரிக்கிற போசகர். அவருடைய மகன் பிரவீணன் வங்கியில் வேலை, அடக்கமான பெடியன். அந்தச் சம்பந்தம் ஆனியில் வந்தது. எங்கள் ஆட்களின் வழக்கப்படி கோயிலில் வைத்துத்தான் பெண் பார்த்தார்கள், அதாவது நாங்கள் தற்செயலாகக் கோயிலுக்குப் போனோம், அவர்களும் தற்செயலாக வந்தார்கள், தற்செயலாக எல்லோரும் பட்டுடுத்தியிருந்தோம். தங்கச்சியின் இடது காலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். மூன்று வயதில் வந்தது போலியோ என்று டொக்டர்மார் சொன்னார்கள், அம்மா அதை இன்றைக்கும் காய்ச்சல் என்றுதான் சொல்லுவார். கட்டைக் காலை உயர்த்திக் காட்டக் கோயிலில் செருப்பும் இல்லை, வீதி சுற்றவும் வேண்டும், அதற்காக அம்மா கண்டுபிடித்ததுதான் அந்தக் கோயில் நடை. சேலையை நிலம் தொடக் கட்டி, இடது காலின் குதி நிலத்தில் படாமல் விரல் நுனியில் ஊன்றி, இடுப்பு அசையாமல், கையில் அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி மெல்ல மெல்ல நடக்க வேண்டும். தட்டு எதற்கென்றால், மெல்ல நடப்பது பக்திக்காக என்று பார்ப்பவர்கள் நினைப்பார்களாம். நீ கனடா போனதிலிருந்து எங்கள் விறாந்தையில் எத்தனை பின்னேரம் அந்தப் பிள்ளை வெறும் தட்டைப் பிடித்துக்கொண்டு நடந்திருப்பாள், அம்மா பின்னால் நின்று நடையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இராசமணி ரீச்சர் கோயிலில் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளையளிட்ட இவ்வளவு நிதானமான நடையை நான் காணேல்லை" என்று சொன்னாராம். அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் நீ பிறந்த அன்றைக்கும் வரவில்லை.

சாதகமும் பொருந்தியது. ஆனால் ரீச்சர் பெண்ணின் குணத்தையும் பார்க்கவேண்டும் என்று இழுத்தார். சங்கத்தில் ஹொக்கி தொடங்கியது என்று கேட்டதும் அம்மாவுக்கு மூளை வேலை செய்தது. போசகர் அடிக்கடி வருவார்தானே, விஜிதா போய் ஏலாத ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து உதவி செய்தால் ரீச்சரின் கண்ணில் படும், இரக்க குணமுள்ள பிள்ளை என்று பெயர் வரும். அப்படித்தான் எங்கள் தங்கச்சி கையில் பெரிய சுடுதண்ணிப் போத்தலோடு சனிக்கிழமைதோறும் மண்டபத்துக்கு வரத் தொடங்கினாள். அம்மா கோயிலுக்குப் பூ அனுப்புவதுபோல அனுப்பினார். கலியாணத்துக்குப் பிறகு காலைப் பற்றி மெல்லச் சொல்லலாம், பிள்ளை ஒன்று பிறந்துவிட்டால் ஆர் காலைப் பார்ப்பார்கள் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஒரு சனிக்கிழமை ஆள் குறைந்துபோனது. நஸீர் தங்கச்சியைப் பார்த்து, "டீச்சர், தேத்தண்ணிய வெச்சிட்டு இந்த மட்டயப் புடிங்க" என்றார். அவள் என்னைப் பார்த்தாள், நான் யன்னலைப் பார்த்தேன். அவள் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள், செருப்பைக் கழற்றினாள், மட்டையை எடுத்தாள். மகனே, உன் தங்கச்சி ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஸ்பிரிங்வெளிப் பள்ளிக்கூடத்துக்குத் தினமும் அந்த மேட்டில் ஏறிப் படிப்பிக்கப் போகிறவள் என்பது தெரியும், ஆனால் அவள் எப்படி ஏறுகிறாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இடது பக்கம் சரிந்து, வலது காலால் உந்தி, தொம் தொம் என்று மரத்தரை அதிர ஓடுகிறாள், பந்து யாருடைய காலடியில் இருந்தாலும் பறிக்கிறாள். அடைக்கலத்தின் மகள் அவளிடம்தான் படிக்கிறாள், அவர் ஒரு ஆச்சரியமும் படாமல், "எங்க தோட்டத்து லயத்துப் புள்ளைங்களோட தெனமும் ஓடிப்புடிச்சு வெளையாடுறவங்கதாங்க, நீங்க பார்த்ததில்லீங்களா" என்று என்னைக் கேட்டார். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து நான் சுடுதண்ணிப் போத்தலைக் கையில் எடுத்தேன். அதன்பிறகு தேத்தண்ணி ஊற்றுகிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. நல்ல காலம், இராசமணி ரீச்சர் அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றுக்கும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை, கேளாத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது என்பது எங்கள் கச்சேரிப் பழக்கம்.

கார்த்திகை தொடக்கத்தில் மொனராகலைச் சங்கத்தோடு ஒரு போட்டி வைப்பதென்று முடிவாயிற்று. உன் கடிதத்தில் எழுதிய விதிகளையே வைத்துக்கொண்டோம், அதில் ஒன்று, விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் உடலில் குறை இருக்கிறதென்று ஒரு டொக்டர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். நல்ல விதிதான். இல்லாவிட்டால் இந்த ஊரில் கிண்ணம் கிடைக்கும் என்றால் நல்ல கால்காரர்களும் நொண்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். டொக்டர் வருகிற நாளுக்கு இராசமணி ரீச்சரும் வருவதாகச் சொல்லியனுப்பினார். உடனே அம்மா கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டு தானும் வருவதாகப் புறப்பட்டார். தங்கச்சிக்குக் கரை போட்ட நீலச் சேலையைத் தானே கட்டிவிட்டார். பெயர்ப் பட்டியலில் அவளுடைய பெயரும் இருக்கிறதென்று சொல்ல நான் வாயைத் திறந்தேன், அந்த வாயில் அம்மா ருசி பார்க்கச் சொல்லி ஒரு கட்லட்டை வைத்துவிட்டார்.

டொக்டர் சிங்களவர், தமிழும் கொஞ்சம் கதைப்பார், நல்ல மனிசன், ஆனால் வேறொரு வைபவத்துக்கும் போகவேண்டிய அவசரம். மேடையடியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நஸீரைக் கேட்க ஒன்றும் இல்லை, அடைக்கலத்தின் சட்டைக் கையைப் பார்த்ததும் சரி என்றார். அடுத்தது விஜிதா என்று நான் வாசித்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. முன்வரிசையில் ரீச்சருக்குப் பக்கத்தில் இருந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. டொக்டர் நடந்து காட்டச் சொன்னார். சேந்தன், அந்த இடத்தை நீ மனதில் கொண்டுவந்து பார். நடுவில் வெறும் தரை, முன்னால் கதிரை வரிசை, அதில் மாப்பிள்ளையின் தாய், பக்கத்தில் அம்மா, எல்லோர் கண்ணும் அவளுடைய நடையில். இத்தனை வருஷப் பழக்கம், அந்தப் பிள்ளையின் கால் அவளைக் கேளாமலே வேலை செய்துவிட்டது. சேலை நிலம் தொட, குதி படாமல், இடுப்பு அசையாமல், கையில் தட்டு மட்டும்தான் இல்லை, அவ்வளவு அழகாகக் கோயில் நடை நடந்தாள். டொக்டர் பார்த்தார், இந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லையே என்று சொல்லிப் பெயரை வெட்டினார்.

பெற்ற தாய் இருபது வருஷமாக எதை ஊருக்குச் சொல்லப் பாடுபட்டாரோ அதை ஒரு அரசாங்க டொக்டர் சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் தேர்த்திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எழும்பிப்போய், "டொக்டர் ஐயா, இப்ப சொன்னதை ஒரு துண்டில எழுதித் தரேலுமோ" என்று கேட்டார். இராசமணி ரீச்சர் உருகிப்போய், "என்ன மனசு பாருங்கோ, சுகதேகியா இருந்தும் ஏலாத ஆக்களோட சரிசமனா நிக்க வந்திருக்கிறாள், இப்பிடி ஒரு மருமகள் ஆருக்குக் கிடைக்கும்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மருமகள் என்ற சொல் வந்துவிட்டது. கலியாணம் அந்த மண்டபத்தில் முக்கால்வாசி முடிந்த மாதிரித்தான். நஸீர் மட்டும் நாற்காலியை உருட்டிக்கொண்டு முன்னால் வந்து, "டொக்டர், இவங்க நம்மட ஆள், நாங்க கூட வெளையாடி இரிக்கோம்" என்று மன்றாடினார். டொக்டர் நியாயமாகவே பதில் சொன்னார், குறை இல்லாத ஒருவரை விட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் அல்லவா என்று. நாலு வயதிலிருந்து தெருவில் நொண்டி என்று பட்டம் வாங்கிய பிள்ளையை, நொண்டி இல்லை என்று சொல்லி நொண்டிகளின் அணியிலிருந்து வெளியே அனுப்பினார்கள். அவள் நடுத்தரையில் அப்படியே நின்றாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை.

பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணாலேயே வா, வந்து பக்கத்தில் இரு என்று கூப்பிட்டார். அவள் வரவில்லை. குனிந்து சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னாள், பிறகு முன்வரிசைக்கும் விளங்கட்டும் என்று அதையே தமிழிலும் சொன்னாள்: "இப்ப நடந்தது கோயில் நடை, டொக்டர். என்ர நடையை நான் இன்னும் காட்டேல்லை." சொல்லிவிட்டு நடந்தாள். சரிந்து சரிந்து, தொம் தொம் என்று மண்டபத்தின் மறு அந்தம் வரைக்கும் போய், திரும்பி வரும்போது ஓடிவந்தாள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளை இருத்திக் காலைப் பார்த்தார், மெலிந்த கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார், வெட்டிய பெயரைத் திரும்ப எழுதினார், எழுதிக்கொண்டே, இதை ஏன் முதலே காட்டவில்லை என்று என்னைத்தான் ஏசினார். பதில் முன்வரிசையில் கட்லட் தட்டோடு இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்ல. இராசமணி ரீச்சர் கடித்த பாதிக் கட்லட்டைத் தட்டில் திருப்பி வைத்தார். பண்டாரவளைக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

அந்தக் கிழமையே ஆள்விட்டுச் சொல்லியனுப்பினார், சாதகத்தில் செவ்வாய் சரியில்லையாம். அதே சாத்திரி, அதே குறிப்பு, ஆனியில் பொருந்திய செவ்வாய் கார்த்திகையில் எழும்பி வேறு வீட்டுக்குப் போய்விட்டது, கிரகங்களுக்கும் பண்டாரவளை பஸ் ஓடுகிறது போல. பிரவீணன் பாவம், அவன் பக்கத்துக் குரல் ஒன்றும் எங்களுக்குக் கேட்கவில்லை, அவனுக்கும் நஸீர் மாதிரி ஒரு அணித்தலைவர் கிடைத்தால் நல்லது. அம்மா அன்றோடு வாயை மூடினார். சமைத்தார், பரிமாறினார், கதைக்க வேண்டியதைக் கதவோடு கதைத்தார். "சாப்பாடு ஆறுது" என்று கதவிடம் சொல்லுவார், நாங்கள் போய்ச் சாப்பிடுவோம். நானும் அதைப் பகிடியாகத்தான் எடுத்தேன். ஒரு நாள் மத்தியானம் குசினிக்குள் போனபோது தேங்காய்ப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு திருவாமல் அழுதுகொண்டிருந்தார். "நான் மறைச்சது ஊருக்காகவோ" என்று கேட்டார், "நானும் நீங்களும் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆர் இருக்கினம், சேந்தன் கடல் கடந்து இருக்கிறான், ஒருத்தன் கையில குடுத்திட்டால் கண்ணை மூடலாம் எண்டுதானே." என்னிடம் பகிடி ஒன்றும் மிஞ்சவில்லை. தங்கச்சி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் வந்து தேங்காயை வாங்கித் திருவத் தொடங்கினாள், திருவிக்கொண்டே, "அம்மா, நான் உழைக்கிறன், என்ர காலில நிக்கிறன், அது கட்டைக் கால் எண்டாலும் என்ர கால்தானே" என்றாள். அம்மா அதற்கும் கதவைத்தான் பார்த்தார்.

போட்டி இந்த மாதம் முதல் கிழமை, வலது குறைந்தோர் தினத்துக்கு நடந்தது. அம்மா வரமாட்டேன் என்று கதவிடம் சொன்னார், பிறகு நேரத்துக்கு முதலே வந்து பின்வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தார். மண்டபம் நிறைய ஆட்கள், கோயில் ஆட்கள், கச்சேரி ஆட்கள், பஸார் ஆட்கள், ஸ்பிரிங்வெளியிலிருந்து ஒரு லொறி நிறைய. முதலில் பேச்சுகள். ஊனம் மனத்தில்தான் இருக்கிறது என்று ஒருவர் பேசினார், நஸீர் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பேச்சு போட்டியைவிட நீளம், துவாய் மட்டும் இந்த முறை இல்லை. மொனராகலை அணி எங்களைவிட நல்ல அணி, ஒளிக்காமல் சொல்கிறேன். அவர்களில் ஒருவர் மிதிவெடியில் கால் போன முன்னாள் சிப்பாய், ஒற்றை ஊன்றுகோலோடு மின்னல் மாதிரிப் போவார். இடைவேளைக்கு முதலே அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். பிற்பாதியில் தங்கச்சி பந்தைப் பறித்துக்கொண்டு கோல் கம்பத்தை நோக்கி ஓடியபோது அந்தச் சிப்பாயின் ஊன்றுகோல் அவளுடைய இடது காலில் தட்டிப்போட்டது. அவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். மத்தியஸ்தராக நின்ற உடற்பயிற்சி ரீச்சர் கவனிக்காமல் விளையாட்டை ஓடவிட்டார்.

அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அம்மா கதிரைமேல் ஏறி நிற்கிறார், வாழ்க்கையில் மேடையும் ஏறாத மனிசி. "கண் தெரியேல்லையோ உமக்கு! என்ர பிள்ளைக்கு இடது கால் ஏலாது, போலியோ வந்த கால், அந்தக் காலில அடிச்சால் விழாமல் என்ன செய்யும் பிள்ளை!" என்று கத்தினார். காய்ச்சல் இல்லை மகனே, போலியோ. பதுளையில் எங்களுக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் இருக்கிற சபையில். மத்தியஸ்தர் விசிலை எடுத்துவிட்டு, "அம்மா, இங்க யாருக்கு எல்லாம் ஏலுது, சொல்லுங்க" என்றார். மண்டபம் வெடித்துச் சிரித்தது, நஸீர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், விழுந்து கிடந்த தங்கச்சி எழும்பாமலே சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, மத்தியஸ்தர் தவறைத் தவறென்று ஒப்புக்கொண்டு எங்கள் பக்கத்துக்குத் தண்டனை அடி கொடுக்கும்வரைக்கும் கதிரையை விட்டு இறங்கவும் இல்லை. நான் போய்க் கையைப் பிடித்து இறக்கினேன். மெல்லிய குரலில், "சொல்லிப்போட்டன் என்ன" என்று என்னைக் கேட்டார், குசினியில் அழுத அந்த மத்தியானத்துக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு. ஓம், பின்சுவர் வரைக்கும் கேட்டது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்கட்டும்" என்றார்.

அந்த அடியைத் தங்கச்சி கோலுக்கு வெளியே அடித்தாள். நாங்கள் தோற்றோம். சாப்பிடாமல் வந்ததால்தான் குறி தவறியது என்பது அம்மாவின் விளக்கம், அது அவர்களுக்குள் இன்னும் ஓடுகிற வழக்கு. முடிந்தபிறகு அந்தச் சிப்பாய் ஊன்றுகோலோடு அம்மாவிடமே வந்து, தெரியாமல் பட்டுவிட்டது அம்மா என்று கொச்சைத் தமிழில் சொன்னார். அம்மா அவரையும் இருத்தி, அன்றைக்கும் பொரித்து ஒளித்துக் கொண்டுவந்த கட்லட்டைக் கொடுத்து, உங்களுக்கு அடி ஒன்றும் படவில்லையா மகன் என்று கேட்டார். பிறகு தங்கச்சியைப் பக்கத்தில் இருத்தி, சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கி, அந்த மெலிந்த காலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தைலம் பூசித் தேய்த்தார், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க. ஆட்கள் நின்று சுகம் விசாரித்தார்கள், எல்லோருக்கும் காலைக் காட்டி இதிலேதான் அடி என்று விளக்கம் சொன்னார். நான் கணக்குப் பார்க்கிறவன் மாதிரி மட்டைகளை அடுக்கிக்கொண்டு நின்றேன், கண்ணை யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காக.

இதுதான் நடந்தது. அம்மா இப்போது கதைக்கிறார், தேவைக்கு அதிகமாகவே கதைக்கிறார், சனிக்கிழமைகளில் மண்டபத்துக்கு வந்து ஒவ்வொருவருக்கும் எப்படி விளையாட வேண்டுமென்று புத்தி சொல்கிறார், நஸீர் அவரையும் பிளேன்டி குடிக்க அனுப்பிப் பார்த்தார், அம்மா போகவில்லை. தை பிறந்தால் மொனராகலைக்குப் போய் விளையாட வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மட்டை உடைந்துவிட்டது, ஆள் வந்தால் கொடுத்துவிடு. பனியில் சறுக்காமல் நட, கொழுப்புச் சாப்பாட்டைக் குறை, திருநீற்றை மறக்காதே. கடவுள் உன்னை நீண்ட ஆயுளோடும் நல்ல சுகத்தோடும் வைத்திருக்கட்டும், எங்கள் மூவருடைய ஆசியும் அன்பும் எப்போதும் உனக்கு உண்டு.

ஒன்று மறந்துபோனேன், அம்மா இதைக் கட்டாயம் எழுதச் சொன்னார். ரொறன்ரோவில் எங்கள் சொந்தக்காரர் யாராவது விஜிதாவைப் பற்றிக் கேட்டால் கால் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்று உன்னிடம் விமான நிலையத்தில் சத்தியம் வாங்கினாராமே. அந்தச் சத்தியம் இன்றோடு ரத்து. கேட்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி சொல்லட்டாம். கேளாதவர்களுக்கும் சொல்லட்டாம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சி. இரகுநாதன்